கோட்டை எங்கே?

ஆடி மாதத்தில் புதுச்சேரிப் பக்கம் போனால், வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது! நான் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன்.

திரும்பும் வழியில் அரியாங்குப்பம். "இங்கே ஒரு கோட்டை இருந்தது, அத்தை" என்றேன்.

"எங்கே? ஒரு செங்கல்லைக்கூடக் காணோமே!"

நியாயமான கேள்விதான். 1748-ல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியைப் பிடிக்க வந்தபோது, இந்தச் சின்னக் கோட்டைதான் குறுக்கே நின்றது. அலட்சியமாக வந்தவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். கடைசியில் உள்ளே வெடிமருந்து தீப்பற்றவே, பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே அதைத் தகர்த்துவிட்டு நகருக்குள் போய்விட்டார்கள். அதற்குள் நாள் கடந்து மழையும் பிடித்துக்கொண்டது. நகரம் தப்பியது.

மாலையில் பாரதி பூங்காவில் உட்கார்ந்தோம். 1706-ல் கட்டி முடித்த லூயி கோட்டை இருந்தது அங்கேதான்.

"செஞ்சி மாதிரி உயரமா?" என்றார் அத்தை.

இல்லை. பீரங்கி வந்த பிறகு உயரமே ஆபத்தாகிவிட்டது. ஓங்கி நிற்கும் சுவர் குண்டுக்கு நல்ல குறி. இடிந்து விழுந்தாலோ, எதிரி ஏறி வரப் படிக்கட்டு! ஆகவே மதிலைத் தாழ்த்தி, பின்னால் மண் கொட்டித் தடிப்பாக்கினார்கள். மூலைக்கு மூலை அம்பு முனை போல் கொத்தளம். ஒன்றின் அடியில் பதுங்குகிறவனை மற்றொன்றிலிருந்து சுடலாம். பிரான்சில் வோபான் என்ற பொறியாளர் பேர்பெற்றது இந்த முறையில்தான். அதன்படி எழுந்த லூயி கோட்டைக்கு ஐந்து மூலை. வாசலில் போடும் நட்சத்திரக் கோலம் போல அழகுதான்.

ஆனால் 1760 முற்றுகையைக் கேளுங்கள். தானியம் குறைந்ததும், பிரெஞ்சுத் தளபதி லாலி ஊர் மக்களை வெளியே துரத்தினான். ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரத்துக்கு மேல். ஆங்கிலேயர் வழிவிடவில்லை. திரும்பி வந்தால் மதில்மேல் துப்பாக்கி. பதுங்க மூலையே இல்லாமல் கட்டிய மதில் அல்லவா? நாள் கணக்கில் வேரும் கிழங்கும் தின்று கிடந்தார்கள். பிறகுதான் ஆங்கிலத் தளபதி கூட் மனமிரங்கினான்.

1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. 1758-ல் லாலி கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பழியாக, ஆங்கிலேயர் லூயி கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஊரையும் விடவில்லை. இன்று நாம் நின்று பார்த்து வியக்கும் பழைய பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவையே.

அத்தை வெகு நேரம் பேசவில்லை.

"கைக்குழந்தைக்காரி யாராவது இருந்திருப்பாளே, அம்மா?" என்றார்.

வாங்கிய சுண்டல் பொட்டலம் பிரிக்காமலே அவர் மடியில் இருந்தது.