முறைவைத்துப் பகிர்தல்

கணினியைக் கற்கத் தொடங்குவோர்க்குப் பணிசெயல் முறைமை ஓர் அதிகாரமாகவும் வலையமைப்பு வேறோர் அதிகாரமாகவும் புகட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே வறுமையிற் பிறந்த உடன்பிறப்புகள் என்பது அதனால் மறைந்துவிடுகின்றது. இது சிறு குறையன்று.

1950களிற் கணினி விலைமிக்க, அரிய பொருள். துளையிட்ட அட்டைகளைக் கையளித்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருப்பதே ஆய்வாளர் கதி. ஓர் அட்டையிற் பிழை நேரின் மறுபடியும் வரிசை. 1961 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் இதற்கு மாற்று வழி காட்டினர். நொடியின் சிறு கூறொன்று ஒருவருக்கு, அடுத்த கூறு இன்னொருவருக்கு எனப் பொறியின் நேரத்தை முறைவைத்து வழங்கும் செய்நிரலை அவர்கள் அமைத்தனர். பொறி தமக்கே உரியது என ஒவ்வொருவரும் மயங்கலாயினர். மாயையிலும் நன்மையுண்டு போலும்! இவ்வாறு பங்கிடுதல் இன்றும் பணிசெயல் முறைமையின் தலையாய கடன்களுள் ஒன்று.

1966 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்கள ஆய்வு முகவரகத்தில் ரொபேட் ரெயிலரின் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு நகரங்களிலிருந்த கணினிகளுக்கு உரியவை. ஒன்றை விட்டு மற்றொன்றை நாட இருக்கை மாறவேண்டும். இந்த அலுப்பு வலையமைப்புக்கு ஒரு வித்தாயிற்று. அங்கும் அதே உபாயமே கைகொடுத்தது. செய்திகள் சிறு பொதிகளாக நறுக்கப்பட்டன. ஒரே கம்பியிற் பலருடைய பொதிகள் மாறிமாறிச் சென்றன.

1969 ஒக்ரோபர் 29 இல் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து ஸ்ரான்போட் ஆய்வு நிறுவகத்துக்கு, ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துடைய 'லொகின்' என்னும் சொல் அனுப்பப்பட்டது. ஈரெழுத்துச் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னரே முழுச்சொல்லும் போய்ச் சேர்ந்தது.