விடிகாலையில் ஒரு தீக்கோளம்

2023 டிசெம்பர் 14, அதிகாலை நாலரை மணியிருக்கும். பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகியும் இரவுக் கடமையின் பழக்கம் என்னை விட்டபாடில்லை; அந்த வேளையில் விழிப்பு வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தேன். உறவினர் திருமணமொன்றுக்காகக் கனடாவிலிருந்து வந்திருந்த பேத்தியும் உறக்கம் வராமல் அங்கே கதிரை போட்டு அமர்ந்திருந்தாள். அமாவாசையை ஒட்டிய நாள். கிழக்கே விடிவெள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது.

திடீரென முற்றத்து மணல் வெளுத்தது. எங்கள் நிழல்கள் தரையில் விழுந்து நகர்ந்தன. அண்ணாந்து பார்த்தால், பச்சை கலந்த வெண்ணிறத் தீக்கோளமொன்று வேப்பமரத்துக்கு மேலாக வடக்கே பாய்ந்து, ஒருமுறை பளீரிட்டு அணைந்தது. இரண்டு மூன்று விநாடிகள்தாம்.

மிதுனராசி விண்கல் பொழிவு உச்சமடையும் நாளது. 1983 இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள், விநாடிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்தில் புகுந்து எரிகின்றன. வெள்ளிக் கோளை விஞ்சும் ஒளியுடையவற்றையே தீக்கோளம் என்பர். அந்த அளவுகோலே அன்று கிழக்கில் நின்றதால் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

இவையெல்லாம் பின்னர் நினைவுக்கு வந்தவை. அந்தக் கணத்தில் நான் செய்தது வேறு. வாய்க்குள் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

1990 இல் மின்சாரம் நின்றுபோன பின்னர், மண்ணெண்ணெய் விளக்கொளியில் செய்தி எழுதிய இரவுகளில் கற்ற பழக்கம் அது. வானில் வெளிச்சம் என்றால் பரா வெளிச்சம். அல்லது எங்கோ வெடித்த எறிகணை. வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடையே எண்ணினால் எவ்வளவு தூரமென்று தெரியும். பதுங்குகுழிக்குள் இறங்குவதா, எழுதிய வரியை முடிப்பதா என்று தீர்மானிக்கலாம். 80 கிலோமீற்றர் உயரத்தில் எரியும் விண்கல்லின் ஓசை, கேட்குமாயினும், வந்துசேர நான்கு நிமிடமாகும். என் எண்ணிக்கைக்குப் பழக்கமான தூரம் அதுவன்று.

இளமையில் இத்தகைய செய்தியொன்றுக்கு "வானில் மர்ம ஒளி, மக்கள் பீதி" என்று நானே தலைப்பிட்டிருக்கிறேன். எந்த மக்களிடமும் கேட்டதில்லை. என் பீதியைத்தான் எழுதினேன் போலும்.

"தாத்தா, நான் ஒன்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்றாள் பேத்தி. அங்கே அவர்களுக்கு அப்படியொரு வழக்கம்.

நான் முப்பதுவரை வந்திருந்தேன். "நீ சொல்லு பிள்ளை" என்றேன். "சொன்னால் பலிக்காது" என்று சிரித்தாள்.