ஒரு கைப்பிடி மண்

2005-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் நாம் இறையியல் மேற்படிப்புக்காகத் தங்கியிருந்தோம். அக்டோபரில் விடுதித் தோட்டக்காரப் பெரியவர் துலிப் கிழங்குகளை ஒரு சாண் ஆழத்தில் புதைக்க, நாம் மண்ணிட்டு மூடினோம். டிசம்பரில், நம்மைப் பெற்ற தாய் ஊரில் காலமானார். அடக்கத்திற்குச் செல்ல இயலவில்லை. பாத்தியைப் பனி மூடியது. நம் செபமும் உறைந்து கிடந்தது.

“இக்குளிரில் கிழங்குகள் மடிந்திருக்குமோ?” என்று வினவினோம். பெரியவர், நடாமல் எஞ்சிய கிழங்கொன்றை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே சின்னஞ்சிறு அரும்பு! “மலர் முன்பே உருவாகிவிட்டது. மூன்று, நான்கு மாதக் குளிர் பட்டால்தான் தண்டு நீளும்” என்றார்.

பனி உருகியதும் தளிர்கள் மண்ணைக் கீறி எழுந்தன. ஏப்ரல் இறுதியில் பாத்தியெங்கும் செம்மலர்கள். எல்லாம் எழவில்லை, சிலவற்றை எலிகள் தின்றிருந்தன. அப்பாத்தியருகே நின்றுதான் தாய்க்காக முதன்முதலாய் அழுதோம், அழுகையே செபமாயிற்று.

துயரம் நல்லது என்று நாம் எவரிடமும் கூறத் துணியோம். இன்று பங்கின் கல்லறைத் தோட்டத்தில், தாயை இழந்த பிள்ளைகளிடம் அவசரமாய் ஆறுதல் மொழிவதுமில்லை. அவர்களோடு நின்று ஒரு கைப்பிடி மண் இடுகிறோம். பிறகு, பல மாதங்கள் அவர்கள் இல்லம் தேடிச் செல்கிறோம்.