பையும் கயிறும்
கண்டெடுத்த பொருளின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அறிந்துகொண்டு ஓராண்டு அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்வார்.

2023 மார்ச்சில் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்திற்குள் வந்தன. சொந்த வாலட்டிலிருந்து நாணயம் அனுப்பினால், அது உம்முடையதுதானா என அவை வினவக்கூடும். (கிரிப்டோ ஆகுமானதா என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபடுகின்றனர், அது தனிப் பாடம்.) மறைசாவியால் ஒரு செய்திக்குக் கையொப்பமிடலாம், அல்லது அவர்கள் குறிக்கும் சிறு தொகையை அதே வாலட்டிலிருந்து அனுப்பிக் காட்டலாம். பையின் அடையாளத்தைக் கூறினால் கேட்டவரும் அதை அறிந்துவிடுவார். இங்கோ சாவி வெளிப்படுவதே இல்லை.

குடவாசல் இளைஞர் ஒருவரிடம், எக்ஸ்சேஞ்சு ஊழியர் எனக் கூறிக்கொண்ட ஒருவர் வாட்ஸ்அப்பில் 12 மீட்புச் சொற்களைக் கேட்டாராம். “அனுப்பட்டுமா ஹஜ்ரத்?” என்றார். “வேண்டாம் தம்பி. அச்சொற்கள் எவரிடம் உள்ளனவோ, வாலட் அவர் வசமாகிவிடும்” என்றேன்.