அம்மையின் பலகை

கோயம்புத்தூரில் சாளை கிடைக்காமல் இல்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் ஐஸ் பெட்டியிலிருந்து கொட்டிக் குவித்திருப்பார்கள். இங்கே அதற்கு மத்தி என்று பெயர். பெயர் மாறினாலும் முதுகின் கருநீலமும் வயிற்றின் வெள்ளியும் அதேதான். அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர் முற்றம் கண்ணுக்குள் வரும். அதே நொடியில் இடது கால் பெருவிரல் தானாக மடங்கிக்கொள்ளும்.

எனக்குக் கவுட் இருக்கிறது. ஊரில் ‘யூரிக் ஆசிட் கூடிப்போச்சு’ என்பார்கள். வைத்தியர்கள் வாதரத்தம் என்பார்கள். என்ன பெயர் சொன்னாலும் வலி ஒன்றுதான்.

ஐம்பத்து மூன்றாம் வயதில், ஒரு ஜூலை இரவு அது முதலில் வந்தது. படுக்கும்போது ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு விழித்தபோது பெருவிரலின் அடிமூட்டில் கொள்ளிக்கட்டையை வைத்துத் திருகுவது போலிருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மூட்டு சிவந்து வீங்கி, தோல் எண்ணெய் தடவியது போல் மின்னியது. போர்வையின் ஓரம் பட்டாலே உயிர் போனது. மின்விசிறிக் காற்றைக்கூடப் பொறுக்க முடியவில்லை. அடுத்த அறையிலிருந்து மகன் நடந்து வந்தான். அவன் அடிவைக்கும் அதிர்வு ஒவ்வொன்றும் என் விரலில் வந்து இடித்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்த வலி எதற்கென்று தெரியும், எப்போது தீரும் என்றும் தெரியும். இது எதற்கென்றே தெரியவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர், செருப்பு கடித்துச் சீழ் பிடிக்கிறது என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். பத்து நாளில் வீக்கம் தானாக வடிந்தது. மருந்துதான் கேட்டது என்று நினைத்தோம். நான்கு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், யூரிக் ஆசிட் சரியான அளவில் இருந்தது. கவுட் ஆண்களுக்கு வருவது, உங்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அந்த அளவு இறங்கிக் காட்டக்கூடும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் முறை போனது ஒரு பெண் மருத்துவரிடம். அவர் மூட்டில் ஊசியிட்டுச் சில சொட்டு நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் செய்தார். ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள்.

அவர் பொறுமையாகச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. உடம்பின் செல்களிலும் நாம் தின்னும் சில உணவுகளிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. மாட்டுக்கும் எலிக்கும் அதை மேலும் உடைத்துக் கரைத்துவிட ஒரு நொதி உண்டு. மனிதனின் மூதாதைகள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அதை இழந்துவிட்டார்கள். ஆகவே சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரைந்து நிற்காது, படிகமாகத் தொடங்கும். உடம்பிலேயே குளிர்ந்த ஓரம் கால் விரல்தான், அதனால் அங்கே போய்ப் படியும். மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் காவல். அது யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவும். நின்ற பிறகு காவல் போய்விடும். போதாததற்கு நான் ரத்த அழுத்தத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த, நீர் பிரிக்கிற வகை மாத்திரை யூரிக் ஆசிட்டை உடம்பிலேயே தேக்கிவைத்தது. அதை மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, கொஞ்ச காலம் ஒதுக்க வேண்டியவற்றை எழுதினார்: சாளை, நெத்திலி, அயிலை, சிப்பி, ஈரல்.

வாசலுக்கு வந்து அந்தத் தாளை மறுபடியும் வாசித்தேன். ஈரலைத் தவிர மற்ற நான்கும் அம்மையின் அடுக்களை.

எங்கள் வீடு திங்கள்நகர்ப் பக்கம். குளச்சல் கடற்கரையிலிருந்து மீன்காரி தலையில் கடவத்தோடு ஓட்டமும் நடையுமாக வருவாள். காலை பத்து மணிக்கு வளைவு திரும்பும்போதே குரல் கேட்கும். கடவத்தை இறக்கிவைக்க அம்மை ஒரு கை கொடுப்பாள். ஈர ஓலைக்குள்ளிருந்து கடல் மணம் எழும். அது நாற்றம் என்று நான் முதன்முதலில் கேட்டது வேறு ஊருக்கு வந்த பிறகுதான். மழை மாதங்களில் சாளைக்கு நெய் வைத்திருக்கும். நெய்ச்சாளை என்று தனியாகவே சொல்வோம். சட்டியில் போட்டால் எண்ணெயே வேண்டாம் என்கிற அளவுக்கு அது உருகி இறங்கும்.

அம்மை வைக்கும் சாளைப் புளிமுளத்துக்குத் தேங்காயும் வத்தலும் மல்லியும் மஞ்சளும் சின்ன உள்ளியும் வேண்டும். அம்மியில் அரைப்பாள். மண்சட்டியில் அரைப்பைக் கரைத்து, புளி விட்டு, மாங்காய்க் காலமானால் இரண்டு கீற்று மாங்காயும் போடுவாள். மீனைப் போட்ட பிறகு கரண்டி வைக்கக் கூடாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைப்பாள். கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். பக்கத்து அடுப்பில் மரச்சீனி வெந்துகொண்டிருக்கும். வெந்த மரச்சீனியின் மாவு வாசனையும் புளிமுளத்தின் வாசனையும் சேர்ந்து முற்றம் வரை வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒழுங்கையிலேயே எங்களுக்குத் தெரியும். தம்பி புத்தகப் பையோடு ஓடத் தொடங்குவான்.

எத்தனை வருடமானாலும் எனக்கு வேண்டியது அந்த ஒழுங்கை. உக்கடத்தில் வாங்கி நானே அரைத்து வைத்தாலும் கோவை வீட்டின் மூன்றாம் மாடியில் அந்த வாசனைக்கு ஓடிவர இடமில்லை.

அந்த ஒழுங்கையின் வேலியில் மழைக்காலத்தில் ஒரு கொடி ஏறும். இலையின் நுனி சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். பூ அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் தீ நாக்கு போல் மேல்நோக்கி வளைந்து நிற்கும். நாங்கள் மேந்தோன்னி என்போம். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ எல்லாம் அதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலில் வருவதும் தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பூவைப் பறிக்க அம்மை விடுவாள். கிழங்கருகே போனால் கத்துவாள்: “பிள்ளே, கெழங்கைத் தொட்டிராதே, வெஷமாக்கும்!” ஊரில் அதை அரைத்துக் குடித்துச் செத்தவர்கள் உண்டு. அந்தப் பயம் அவள் குரலில் இருக்கும்.

வலி வந்த முதல் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர் கொடுத்த மாத்திரை கோல்சிசின். அரை மில்லிகிராம், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. சொன்ன அளவுக்கு ஒன்றுகூட மேலே போகக் கூடாது, வயிறு அறுந்துவிடும், சிறுநீரகம் தாங்காது என்று இரண்டு தடவை எச்சரித்தார். இந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். ஐரோப்பாவில் ஒரு வகைக் கிழங்குப் பூவிலிருந்து, இங்கே கண்வலிக் கிழங்குச் செடியின் விதையிலிருந்து என்றார். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் வயல் வயலாக அதைக் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்ப்பது இந்த விதைக்காகத்தான். அம்மை தொடாதே என்று கத்திய விஷம் என் உள்ளங்கையில் இருந்தது. அன்றிரவு அதை விழுங்கும்போது அவள் குரல் காதில் கேட்டது. அழுதேன். வலியால் அழுததாக மகன் நினைத்தான்.

அதற்குப் பிறகுதான் அம்மையின் கால் என் நினைவுக்கு வந்தது.

1990-களில் நான் கல்யாணமாகிக் கோவைக்கு வந்துவிட்டேன். விடுமுறைக்குப் போகும்போது சில நாள் விடியற்காலையில் அம்மை திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வலது கால் பெருவிரல் சிவந்து தடித்திருக்கும். ‘வாயு’ என்பாள். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள், கூடிவிட்டது என்பாள். ஆமணக்கு இலையை வாட்டிக் கட்டுவாள். கட்டு பட்டதும் முகம் சுருங்கும். என் மருத்துவர் துணி சுற்றிய ஐஸ்தான் வைக்கச் சொல்கிறார். சூட்டு ஒத்தடம் எனக்கு ஆகவில்லை. அவளுக்கும் ஆகியிருக்காது. கடைசியில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, நாங்கள் சாப்பிட உட்காரும் பலாப் பலகையைத் திண்ணைக்கு எடுத்துவந்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எந்த மருத்துவரும் சொல்லாமலே காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலோடு எழுந்து அவள் எனக்குச் சாளை வைத்தாள். நான் கேட்டேன், அதனால் வைத்தாள். ‘வருஷத்துக்கு ஒரு தடவை வாற பிள்ளை’ என்பாள். அடுப்படியில் ஒற்றைக் காலில் பாரத்தை ஊன்றி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே, மீனைப் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறேன். பிறகு அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கவுட் குடும்பத்தில் இறங்கி வருகிற நோய். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் 1966-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் தங்கள் மருந்து ஆராய்ச்சிக்காக 1988-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்கள் வழி வந்த மருந்துகளில் இதுவும் ஒன்று. அம்மை திண்ணையில் உட்கார்ந்திருந்தது அதற்குப் பிறகு. மருந்து இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க ஆள்தான் இல்லை, நானும் கேட்கவில்லை.

அலோபியூரினால் எனக்கு 100 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல உயர்த்தினார்கள். தொடங்கிய மாதங்களில் வலி குறைவதற்குப் பதிலாக இரண்டு தடவை வந்தது. பழைய படிகங்கள் கரையும்போது அப்படி ஆகும், மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினேன். வலி இரவுகளுக்கு ஒரு வழக்கம் வந்தது. போர்வை படாமலிருக்கக் கால்மாட்டில் ஒரு ஸ்டூல். பக்கத்தில் சொம்புத் தண்ணீர். ஐஸைச் சுற்ற அம்மையின் பழைய சேலைத் துண்டு. வேறு துணி இவ்வளவு மெத்தென்று இல்லை. ஒன்றரை வருடத்தில் அளவு 5.4-க்கு வந்தது. ஆறுக்குக் கீழே இருந்தால் படிகம் கரைந்துகொண்டே போகும். உணவால் ஏறுவது கொஞ்சம்தான், பெரும்பங்கு பிறப்பும் சிறுநீரகமும் என்றார் மருத்துவர். எப்போதாவது இரண்டு சாளை சாப்பிடலாம் என்றும் சொன்னார்.

போன அக்டோபரில் ஊருக்குப் போனேன். ஒழுங்கையில் வேலி இல்லை, ஹாலோ பிளாக் மதில். கொடி ஏற இடமில்லை. தம்பி மனைவி சாளைப் புளிமுளம் வைத்திருந்தாள், மிக்ஸியில் அரைத்து, நன்றாகவே. சாப்பாட்டு மேசையில் இரண்டு மீனைத் தட்டில் வைத்துவிட்டு, “மைனி, இன்னும் ஒண்ணு வைக்கட்டா?” என்று கேட்டாள். முள்ளை எடுத்துக்கொண்டே அடுப்படியைப் பார்த்தேன். அம்மை நின்ற இடத்தில் கேஸ் சிலிண்டர் இருந்தது. “போதும் மக்களே” என்றேன்.

மறுநாள் பின்னறையில் அரிசி டிரம்முக்கு அடியில் பலகையைக் கண்டேன். ஓரத்தைக் கொஞ்சம் கரையான் தின்றிருந்தது. தம்பி ஒன்றும் கேட்காமல் டிரம்மை நகர்த்தி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

பஸ்ஸில் அதை மேலே வைக்க மனமில்லாமல் காலடியில் வைத்துக்கொண்டேன். மதுரையும் திண்டுக்கல்லும் கடந்தன. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் சாலையோர வயல்களில், கம்பிப் பந்தல் நெடுக மேந்தோன்னி பூத்திருந்தது. உட்கார்ந்தே வந்ததில் இடது கால் கனத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தூக்கிப் பலகையின்மேல் வைத்தேன்.