கிணற்றடியில் ஒரு நோட்டுப்புத்தகம்

சரளை தோண்டுகிறவருக்கு ஓர் ஆழத்துக்குக் கீழே தண்ணீர் தடை. பக்கத்து வயல்காரருக்கு அதுவே உயிர். ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விட்டால் ஒருவருக்கு வேலை நடக்கும், மற்றவருக்குக் கிணறு வற்றும். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு குழிக்குக் குத்தகை விடப்பட்டதாகச் செய்தி வந்தபோது, மாதமொரு முறை கூடிக் கதை பேசும் நாங்கள் ஐவரும் வேறு வழியின்றி நீரியல் படிக்கலானோம்.

பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொணர்ந்த பொறியாளர் ஆன்றி டார்சி, மணலினூடே நீர் செல்லும் விதியை 1856இல் வெளியிட்டார். நீர்மட்டம் எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு விரைவாக நீர் ஓடும். மண்ணின் கசியும் தன்மையும் அதனோடு சேரும். இதன் விளைவு எங்களுக்கு வியப்பாக இருந்தது. களிமண்ணில் தோண்டிய குழியைச் சுற்றி நீர்மட்டம் செங்குத்தாகச் சரிந்து அருகிலேயே நின்றுவிடும். சரளையிலோ அச்சரிவு தட்டையாக வெகுதூரம் படரும். ஆகவே, 'குழி அரைக் கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது' என்னும் ஆறுதல் சரளை பூமியில் செல்லாது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இறைப்பின் பேருருவம் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத் தளம் மேலெழும்பாமல் இருக்கும். 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை அது. எங்கள் குழி அதன் முன்னே கையளவு. ஆனால் கையளவுக் குழிகளைத்தான் ஒருவரும் அளப்பதில்லை.

கிழக்குத் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, கோடையில கிணறு எப்பவும் இறங்கத்தானே செய்யும்? இது குழியால இறங்குச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தப் புத்தகத்திலும் நாங்கள் காணவில்லை. விடை இரண்டு. இறைப்பு தொடங்கும் முன்பே, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அளந்து வைக்க வேண்டும். குழியின் பாதிப்பு எட்டாத தொலைவில், அதே மண்ணில் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இறங்கினால் வானம் பொய்த்தது. அருகிலுள்ளது மட்டும் இறங்கினால் குழி குடித்தது.

அளவுமுறை எளிது. கைப்பிடிச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி. விடியற்காலையில், யாரும் மோட்டார் போடும் முன், இரும்பு டேப்பின் அடிப்பகுதியில் சுண்ணக்கட்டி பூசி இறக்குவோம். குறியில் 9 மீட்டர் காட்டி, நனைந்த அடையாளம் 35 சென்டிமீட்டரில் நின்றால் நீர்மட்டம் 8.65 மீட்டர். ஈரத்தைப் படிக்கும் அந்தக் கணத்தில் எங்களுள் வாயாடி நண்பரும் மௌனமாகிவிடுவார்.

குழியில் இறைப்பு தொடங்கிய மூன்றாம் வாரம் அருகிலிருந்த மூன்று கிணறுகள் இறங்கின. தொலைவுக் கிணறு அசையவில்லை. நோட்டைக் கண்ட குத்தகைதாரர் முதலில் சிரித்தார். தேதிவாரியாகப் படித்ததும் உட்கார்ந்துவிட்டார். இறைத்த நீரை ஓடைக்கு விடாமல், வண்டல் படிய ஒரு குட்டையில் தேக்கி, பிறகு குழிக்கும் கிணறுகளுக்கும் இடையே வெட்டிய நீள வாய்க்காலில் விடச் சம்மதித்தார். வண்டலோடு விட்டால் வாய்க்காலின் அடி சேறு பூசி அடைத்துக்கொள்ளும்.

இரண்டு கிணறுகளில் இறக்கம் நின்றது. மூன்றாவது, தனியாக வாழும் ஒரு அம்மாளுடையது, ஆழம் குறைந்தது. அதில் ஃபுட் வால்வு நீருக்கு மேலே தொங்குகிறது. தூர்வாரி ஆழப்படுத்தும் செலவு யாருடையது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அதுவரை அவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் சுமக்கிறார். வெள்ளிதோறும் நாங்கள் அளக்கப் போகிறோம்.