முதியவர்களைப் பார்க்கக் கற்றுத் தந்த மூன்று படங்கள்

உலக சினிமா பார்த்து உனக்கு என்ன கிடைத்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வயதானவர்களின் பக்கத்தில் அவசரமில்லாமல் உட்காரும் பழக்கம் கிடைத்தது என்பேன். அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவை மூன்று படங்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். மகாத்மா காந்தி சாலையில் சைக்கிளை மிதித்தால் சற்று நேரத்தில் நகரத்துக்குள் இருக்கலாம். அங்கே சுய்ப்ரேன் வீதியில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ். கொட்டகையில் விசிலடித்துப் படம் பார்த்தே வளர்ந்த எனக்கு, மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும் இடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பது புது அனுபவம். சினிமா ரசிகர்கள் கூடும் அப்படிப்பட்ட திரையிடல்கள்தான் என் கண்ணைத் திறந்தன.

முதல் படம் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). அதில் கூன் விழுந்த இந்திர் என்ற கிழவியாக வாழ்ந்தவர் சுனிபாலா தேவி. எண்பது வயதை ஒட்டிய பழைய நாடக நடிகை. படம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். சின்னப் பெண் துர்கா திருடிக்கொண்டு வந்த கொய்யாவைக் கண்டு அந்தக் கிழவி பூரிக்கிறாள். வீட்டுக்காரியோடு மனஸ்தாபம் வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். எங்கள் ஆயாவும் அப்படித்தான். அம்மாவோடு ஒரு சொல் கூடினால், துணிப்பையை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் அதற்குப் பெயர் பிடிவாதம். ராய் அதை ரோஷமாகக் காட்டினார். தனக்கென்று ஒரு கூரைகூட இல்லாதவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொத்து அது என்று அன்று புரிந்தது.

இரண்டாவது யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசப் பிள்ளைகளுக்கு நேரமில்லை; அத்தாமி என்ற கடலோர ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். விதவை மருமகள் நோரிகோதான் மனதோடு பார்த்துக்கொள்கிறாள். தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. ஓசுவின் கேமரா பெரும்பாலும் தாழ்வாக, பாயில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே, அசையாமல் நிற்கும். பேச்சு முடிந்த பிறகும் ஓசு உடனே வெட்டிவிட மாட்டார். அத்தாமியின் கடற்சுவரில் அந்தத் தம்பதி உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்கு ஜப்பானாகவே படவில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் மாலைதோறும் அப்படி எத்தனை பேர்! பெரியவர்களோடு பேசும்போது நாமும் தரையில் உட்கார வேண்டும், அவர்கள் முடித்த பிறகும் சற்று இருக்க வேண்டும். ஓசுவிடம் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

மூன்றாவது நம்முடையது. 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு'. பேத்தி சிறுகச் சிறுகக் கட்ட, பணமில்லாமல் நிற்கும் வீட்டைப் பார்க்க, தாத்தா தனியாகக் குடையோடு வருகிறார். நாடக மேடையில் பழுத்த சொக்கலிங்க பாகவதர், பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். அந்த வீட்டில் அவர் குடியேறப் போவதில்லை. திரும்பும் வழியிலேயே உயிர் பிரிந்துவிடுகிறது.

இந்தப் படத்தை ஆயாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர் படத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு மனை வாங்கிய கதை, சீட்டு எடுத்துச் செங்கல் இறக்கிய கதை, தாலிக்கொடி அடகுக்குப் போய்த் திரும்பிய கதை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பெரிய இயக்குநர்கள் தம் படத்துக்குள் விட்டுவைக்கும் இடைவெளி எதற்கு என்று அன்று தெரிந்தது. பார்ப்பவர் தம் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைக்கத்தான் அந்த இடம்.

அப்பேர்ப்பட்ட 'வீடு' படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லிவிட்டுப் போனார். படங்களுக்கும் முதுமை உண்டு, கவனிக்க ஆள் இல்லாவிட்டால் சாவும் உண்டு. நல்ல படங்களைக் கவனிக்க எங்கள் ஊரில் ஆள் உண்டு. எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில், கருவடிக்குப்பத்தில்தான் 1922இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. அவர் பெயரில் நல்ல தமிழ்ப் படத்துக்குப் புதுச்சேரி அரசு விருது தருகிறது. அரசோடு நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து திரைப்பட விழா நடத்துகின்றன. இப்படி ஒரு வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமைவதில்லை.

நல்ல சினிமாவை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். 'வீடு' படத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரோடு பாருங்கள். முடிந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். அவர் பேசுவார், கேளுங்கள்.